சிப் வைத்த கார் சாவிக்குக் குறைந்த செலவில் ஒரு டூப்ளிகேட்

கம்ப்யூட்டர் என்றதும் மேஜை மேல் இருக்கும் மானிட்டரும் கீபோர்டும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வீட்டு வாசலில் நிற்கும் காரிலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்கும் பாஸ்வேர்டு உண்டு. அந்தப் பாஸ்வேர்டை நாம் டைப் செய்வதில்லை. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் வைத்துச் சட்டைப் பையில் கொண்டு போகிறோம். பாஸ்வேர்டு மறந்து போனால் என்ன பாடு படுவோம் என்பது கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். கார் சாவி தொலைந்தாலும் அதே பாடுதான்.

எங்கள் ஊர் ராஜபாளையம் பக்கத்தில் உள்ள சோழபுரம். அப்பா சென்ற ஆண்டு பழைய ஹேட்ச்பேக் கார் ஒன்றை வாங்கினார். ஆச்சியை மாதம் இரண்டு முறை மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும் என்பதற்காகவே வாங்கிய கார் அது. விற்றவர் கொடுத்தது ஒரே ஒரு சாவி. அது எங்காவது விழுந்து தொலைந்தால் வாசலில் கார் இருந்தும் இல்லாத கதைதான். ஸ்டியரிங் பூட்டிக் கொண்டிருக்கும் காரைத் தள்ளிக்கொண்டு கூடப் போக முடியாது. எனவே இரண்டாவது சாவி செய்யும் வேலையை நான் எடுத்துக் கொண்டேன். சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன் என்பதால் அந்தச் சிப்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கும் ஆசையும் இருந்தது. அப்படித் தெரிந்து கொண்டவற்றைப் படிப்படியாகப் பார்ப்போம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது சாவியை, முதல் சாவி கையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். செலவைக் குறைக்க இதைவிடப் பெரிய வழி கிடையாது.

ஒரு சாவிக்குள் மூன்று பொருள்கள்

இன்றைய கார் சாவி ஒன்று போலத் தோன்றினாலும் அதற்குள் ஒன்றோடு ஒன்று சம்பந்தமில்லாத மூன்று பொருள்கள் இருக்கின்றன.

1. உலோகத் தகடு. கதவையும் ஸ்டியரிங் பூட்டையும் திறப்பது இதுதான். திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது அல்லவா? அந்தப் பூட்டின் சாவியில் உள்ள வெட்டுகள் செய்யும் அதே வேலையைத்தான் இந்தத் தகட்டில் உள்ள வெட்டுகளும் செய்கின்றன.

2. டிரான்ஸ்பாண்டர் சிப். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் குழாயாகவோ, சிறிய கறுப்புக் கட்டியாகவோ சாவியின் தலைக்குள் இருக்கும். இதற்குப் பேட்டரி கிடையாது. எஞ்சின் ஓடலாமா கூடாதா என்பது இதைப் பொறுத்தது.

3. ரிமோட். பட்டனை அழுத்திக் கதவைப் பூட்டவும் திறக்கவும் உதவுவது. பித்தான் பேட்டரியில் ஓடுவது.

ரிமோட் பேட்டரி தீர்ந்துவிட்டால் கார் ஸ்டார்ட் ஆகாது என்று பலர் பயப்படுகிறார்கள். சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்யும் கார்களில் அப்படி ஆகாது. ரிமோட் வேறு, சிப் வேறு. இதைப் புரிந்து கொண்டாலே பாதிப் பணம் மிச்சம். டூப்ளிகேட் சாவிக்கு ரிமோட் தேவையில்லை என்று முடிவு செய்தால், தகடும் சிப்பும் மட்டும் உள்ள சாவி போதும். விலை வெகுவாகக் குறைந்துவிடும்.

இது எதற்காக வந்தது?

சாதாரணச் சாவியின் பலம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சாவியில் 8 இடங்களில் வெட்டு இருக்கிறது, ஒவ்வொரு வெட்டும் 4 ஆழங்களில் ஒன்று என்று வைத்துக் கொள்வோம். மொத்தம் 65,536 விதமான சாவிகள்தான் செய்ய முடியும். லட்சக்கணக்கில் கார் தயாரிக்கும்போது ஒரே சாவி பல கார்களுக்குப் பொருந்திவிடும். போதாக்குறைக்கு, ஸ்டியரிங் அடியில் உள்ள கவரைக் கழற்றி ஒயரைச் சேர்த்து ஸ்டார்ட் செய்யும் திருடனுக்குச் சாவியே தேவையில்லை.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1986 மாடல் கார்வெட் காரில் இதற்கு ஒரு மாற்று வழியைக் கொண்டு வந்தது. சாவித் தகட்டில் ஒரு ரெசிஸ்டரைப் பதித்தார்கள். அதன் ஓம் அளவு சரியாக இருந்தால்தான் எஞ்சின் ஓடும். ஆனால் மொத்தமே 15 அளவுகள்தான். பதினைந்தையும் போட்டுப் பார்த்தால் முடிந்தது. அதன் பிறகு வந்ததுதான் ரேடியோ அலையில் பேசும் சிப். ஐரோப்பிய யூனியன் 1998 அக்டோபரிலிருந்து புதிய கார்களுக்கு இம்மொபிலைஸரைக் கட்டாயமாக்கியது. கனடாவில் 2007ல் கட்டாயமானது. நம் நாட்டில் மாருதி கார்களின் டிக்கியில் 'ஐ-கேட்ஸ்' என்ற எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்த வகை இம்மொபிலைஸர்தான்.

இந்தச் சிறிய சிப் எவ்வளவு உதவுகிறது என்பதற்கு அண்மைக் கால உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே இம்மொபிலைஸர் கட்டாயமில்லை. அதனால் 2011 முதல் 2022 வரையிலான கியா, ஹூண்டாய் மாடல்களில் சாவி திருகும் பல கார்கள் இம்மொபிலைஸர் இல்லாமலேயே விற்கப்பட்டன. 2021, 2022ல் அந்தக் கார்களைத் திருடும் முறை வீடியோவாகப் பரவி, பதின்வயதுப் பையன்கள்கூடத் திருட ஆரம்பித்தார்கள். கடைசியில் 2023 பிப்ரவரியில் அந்த நிறுவனங்கள் இலவச சாஃப்ட்வேர் அப்டேட் கொடுக்க வேண்டியதாயிற்று. இம்மொபிலைஸர் கட்டாயமாக இருந்த பக்கத்து நாடான கனடாவில் இந்தத் தொல்லை இல்லை.

சிப் எப்படிப் பேசுகிறது?

சாவி நுழையும் துளையைச் சுற்றி ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைத் திருகியதும் அதிலிருந்து 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் மின்காந்த அலை வெளிவருகிறது. (சில வகைகளில் 134.2 கிலோஹெர்ட்ஸ்.) சிப்புக்குள்ளும் ஒரு குட்டிச் சுருள் உண்டு. டிரான்ஸ்பார்மரில் ஒரு சுருளிலிருந்து இன்னொரு சுருளுக்கு மின்சாரம் தாவுகிறதே, அதே போல இங்கும் தாவுகிறது. அந்தச் சொட்டு மின்சாரத்தில் சிப் விழித்துக் கொண்டு பதில் சொல்கிறது. ஆபீஸ் கதவில் ஐ.டி. கார்டைக் காட்டும்போது நடப்பதும் இதுதான்.

ஆரம்ப கால சிப்புகள் ஒரே நம்பரைத் திரும்பத் திரும்பச் சொல்லும். ஒருமுறை கேட்டவர்கள் அதை இன்னொரு சிப்பில் எழுதிவிடலாம். பின்னால் வந்தவை கேள்வி-பதில் முறையில் வேலை செய்கின்றன. காரின் கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு நம்பரை அனுப்பும். சிப் தன்னிடம் உள்ள ரகசிய எண்ணை வைத்து அதைக் கணக்கிட்டு விடையைத் திருப்பி அனுப்பும். காரும் அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்க்கும். விடை பொருந்தினால் பெட்ரோல் போகும். பொருந்தாவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, அல்லது ஓரிரு வினாடியில் நின்றுவிடும். ரகசிய எண் ஒருபோதும் காற்றில் போவதில்லை என்பதுதான் இதில் உள்ள நுட்பம்.

இந்தப் பூட்டையும் உடைத்தவர்கள் உண்டு. 2005ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினரும் ஆர்.எஸ்.ஏ. லேபரட்டரீஸ் ஆய்வாளர்களும் சேர்ந்து, டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப்பில் இருந்த 40 பிட் ரகசிய எண்ணைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். 40 பிட் என்றால் சுமார் 1.1 லட்சம் கோடி எண்கள். அதற்கென்றே அமைத்த எலக்ட்ரானிக் சர்க்யூட்டுகளுக்கு அது ஒரு பெரிய எண்ணாக இருக்கவில்லை. 2012ல் வேறு ஆய்வாளர்கள் 48 பிட் கொண்ட 'ஹைடாக் 2' சிப்பை 360 வினாடிக்குள் உடைக்கலாம் என்று கட்டுரை வெளியிட்டார்கள். 96 பிட் கொண்ட 'மெகாமோஸ்' சிப் பற்றிய கட்டுரைக்கு 2013ல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் இங்கிலாந்து கோர்ட்டில் தடை வாங்கியது. அது 2015ல்தான் வெளியே வந்தது.

இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். டூப்ளிகேட் செய்யும் கடைக்காரரிடம் இன்று ஒரு கையடக்க மெஷின் இருப்பதற்கு இந்த ஆராய்ச்சிகளும் ஒரு காரணம். ஆனால் அதே மெஷின் யார் கைக்கும் கிடைக்கலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

உங்கள் சாவியில் சிப் இருக்கிறதா?

கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே இரண்டு சோதனை செய்து பார்க்கலாம்.

முதலாவது, சாவியை ஆன் நிலைக்குத் திருகி டேஷ்போர்டைப் பாருங்கள். சாவிப் படமோ, காருக்குள் சாவி இருக்கும் படமோ ஒரு விளக்காக எரிந்து சில வினாடியில் அணைந்தால் இம்மொபிலைஸர் உண்டு. அணையாமல் மின்னிக் கொண்டே இருந்தால் சாவியைக் கார் அடையாளம் காணவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது, சாவியின் தலைப் பகுதியில் சமையலறை அலுமினியத் தாளை நன்றாகச் சுற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். சிப் உள்ள சாவி என்றால் பெரும்பாலும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. தாளைப் பிரித்ததும் ஸ்டார்ட் ஆகும். இந்தச் சோதனையை வீட்டு வாசலில் மட்டும் செய்யுங்கள், ரோட்டில் வேண்டாம்.

நான் ராஜபாளையத்தில் சாவி செய்பவர் ஒருவரிடம் முதலில் போனேன். சாவியைக் கையில் வாங்கியதுமே சொல்லிவிட்டார்: "தம்பி, நான் வெட்டித் தர்ற சாவி கதவைத் திறக்கும். வண்டி ஓடாது. உள்ளே சிப்பு இருக்கு. அதுக்கு மதுரையில மெஷின் வச்சிருக்கவங்ககிட்டதான் போகணும்." "பரவாயில்லை அண்ணாச்சி, கதவுக்கு மட்டும் ஒண்ணு வெட்டுங்க" என்று 150 ரூபாய்க்கு ஒன்று வாங்கிக் கொண்டேன். இது வீண் செலவு இல்லை. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால் கண்ணாடியை உடைக்காமல் கதவைத் திறக்க இந்தச் சிப் இல்லாத சாவி போதும். பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கலாம். அதை யார் எடுத்தாலும் காரை ஓட்டிக் கொண்டு போக முடியாது.

புரோகிராமிங், குளோனிங்: இரண்டும் ஒன்றல்ல

கடைக்காரர்கள் இரண்டு முறைகளில் சிப் சாவி செய்து தருகிறார்கள். இரண்டையும் "புரோகிராம் பண்றது" என்றே சொல்வார்கள். நாம்தான் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

புரோகிராமிங் என்பது கம்ப்யூட்டரில் புதிய யூஸர் அக்கவுண்ட் திறப்பது போன்றது. புதிய சிப்புக்கு அதற்கே உரிய நம்பர் உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி, காரின் செக்யூரிட்டி பின் நம்பரைக் கொடுத்து, இந்தச் சிப்பையும் ஏற்றுக் கொள் என்று காரின் மெமரியில் பதிவு செய்கிறார்கள். நாளை அந்தச் சாவி தொலைந்தால், கையில் உள்ள சாவிகளை மட்டும் மறுபடி பதிந்து, தொலைந்ததை மெமரியிலிருந்து நீக்கிவிடலாம்.

குளோனிங் என்பது ஒருவரின் பாஸ்வேர்டை இன்னொருவரும் எழுதி வைத்துக் கொள்வது போன்றது. பழைய சிப்பில் உள்ளதை அப்படியே படித்து வேறொரு சிப்பில் எழுதுகிறார்கள். காரைத் தொட வேண்டியதே இல்லை. சாவியை மட்டும் கொண்டு போனால் போதும், சில நிமிடத்தில் முடிந்துவிடும். பெரும்பாலும் இதுதான் மலிவு. ஆனால் இரண்டு சாவியும் காருக்கு ஒன்றாகத்தான் தெரியும். ஒன்று தொலைந்தால் அதை மட்டும் நீக்க முடியாது. நீக்கினால் இரண்டும் போய்விடும்.

கார் புதிதாக வாங்கியது, ஆரம்பத்திலிருந்தே எல்லாச் சாவியும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்றால் குளோனிங் போதும். பழைய காராக வாங்கியது என்றால் புரோகிராமிங்தான் சரி. ஏன் என்பதை இனிப் பார்ப்போம்.

மெமரியில் எத்தனை சாவி?

பெரும்பாலான ஸ்கேனர்கள் காருடன் இணைந்ததும் எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன என்ற எண்ணைக் காட்டும். மதுரையில் எங்கள் காரில் ஸ்கேனரைச் செருகியபோது திரையில் வந்த எண் 2. எங்களிடம் இருந்ததோ ஒரு சாவி. அப்படியானால் எங்கள் காரை ஸ்டார்ட் செய்யக்கூடிய இன்னொரு சாவி எங்கோ இருக்கிறது. முந்தைய சொந்தக்காரர் வீட்டு அலமாரியில் தூங்கிக் கொண்டிருக்கலாம், அவருக்கும் முன் வைத்திருந்தவரிடம் இருக்கலாம், ரோட்டில் விழுந்து கிடக்கலாம். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அந்த எண்ணைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியாது.

கடைக்காரரிடம் எல்லாச் சாவிகளையும் அழித்துவிட்டு, கையில் உள்ள பழைய சாவியையும் புதிய சாவியையும் மட்டும் பதியச் சொன்னேன். அதற்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை. சேர்ப்பதும் அழித்துச் சேர்ப்பதும் அவருக்கு ஒரே வேலைதான். இப்போதும் திரையில் வரும் எண் 2. ஆனால் அந்த இரண்டும் எங்கள் வீட்டில் இருக்கின்றன.

குளோனிங் மட்டும் செய்திருந்தால் இந்த விஷயம் எங்களுக்குத் தெரியாமலேயே போயிருக்கும். நீக்கப்பட்ட அந்தச் சாவியால் இனி எஞ்சினை ஓட்ட முடியாது. என்றாலும் அதன் உலோகத் தகடு கதவைத் திறக்கும் என்பதையும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். காருக்குள் பணம், நகை, ஒரிஜினல் ஆர்.சி. புக் எதையும் வைத்துவிட்டு வராதீர்கள்.

எங்கே செய்வது? என்ன செலவு?

முதல் வழி, கம்பெனி சர்வீஸ் சென்டர். ஒரிஜினல் சாவி கிடைக்கும், பில்லும் வாரண்டியும் உண்டு. ஆனால் விலை அதிகம். சாவியை ஆர்டர் செய்து வரவழைக்க நாள் ஆகும். சில மாடல்களுக்குச் சாவியைத் தனியாகத் தராமல் பூட்டு செட் முழுவதையும் மாற்றச் சொல்வார்கள். எங்கள் காருக்கு 6,500 ரூபாய் என்று சொன்னார்கள்.

இரண்டாவது, மெஷினும் ஸ்கேனரும் வைத்திருக்கும் தனிச் சாவிக் கடை. ரிமோட் இல்லாத சிப் சாவி, கட்டிங் இரண்டுக்கும் சேர்த்து 700 ரூபாய், புரோகிராமிங்குக்கு 1,300 ரூபாய், ஆக 2,000 ரூபாயில் எங்கள் வேலை முடிந்தது. இது எங்கள் காருக்கான கணக்கு. ஊருக்கு ஊர், மாடலுக்கு மாடல் இது மாறும். எனவே போனிலேயே மாடல், வருடம் இரண்டையும் சொல்லி மொத்த விலையைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

மூன்றாவது, நாமே செய்வது. சில வெளிநாட்டு மாடல்களில் இதற்கு இடம் உண்டு. உதாரணமாக அமெரிக்காவில் விற்ற பல ஃபோர்டு கார்களில், ஏற்கெனவே பதிவான இரண்டு வெவ்வேறு சாவிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு ஆன் செய்துவிட்டு, உடனே மூன்றாவதைப் போட்டால் அதையும் கார் ஏற்றுக் கொள்ளும். இரண்டு சாவி இருந்தால் மூன்றாவது இலவசம், ஒன்றே இருந்தால் ஸ்கேனர் வேண்டும். உங்கள் காருக்கு இப்படி ஒரு வசதி இருக்கிறதா என்று ஓனர்ஸ் மேனுவலில் பார்த்துக் கொள்ளுங்கள். இல்லாத காரில் முயன்று பார்க்காதீர்கள்.

படிப்படியாகச் செய்யும் முறை

1. ஆர்.சி. புக், லைசென்ஸ் இரண்டையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். நல்ல கடைக்காரர் கட்டாயம் கேட்பார். கேட்காத கடையில் நாளை உங்கள் காருக்கும் யார் வேண்டுமானாலும் சாவி செய்து வாங்கிவிடலாம்.

2. புதுக் கார் வாங்கும்போது சாவியுடன் நம்பர் பொறித்த ஒரு சின்னத் தகடோ பட்டையோ வரும். சாவி வெட்டும் நம்பர் அதுதான். அது இருந்தால் அந்த நம்பரை வைத்தே வெட்டச் சொல்லுங்கள். பல வருடம் தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்து காப்பி ஆகிவிடும்.

3. ஒரிஜினல் சிப் என்ன வகை என்பதை அவரிடம் உள்ள ரீடரில் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வகை மாறினால் சாவி பதிவாகாது.

4. வெட்டிய சாவியை முதலில் டிரைவர் கதவு, டிக்கி, ஸ்டியரிங் பூட்டு எல்லாவற்றிலும் போட்டுப் பாருங்கள். எல்லாம் சிக்காமல் திரும்பினால் மட்டும் அடுத்த வேலை. பதிவு செய்த பிறகு வெட்டுச் சரியில்லை என்றால் உழைப்பு வீண்.

5. கார் பேட்டரி பலவீனமாக இருந்தால் சார்ஜ் செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பயாஸ் அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் மதர்போர்டு என்ன ஆகிறது? அதே ஆபத்து இங்கும் உண்டு. பதிவு நடக்கும்போது ஏ.சி., லைட், பாட்டு எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கவும்.

6. வீட்டில் உள்ள எல்லாச் சாவிகளையும் கொண்டு போங்கள். பல மாடல்களில் புதிதாகப் பதியும்போது பழைய பதிவுகள் அழிந்துவிடும். வீட்டில் விட்டு வந்த சாவி வேலை செய்யாமல் போகும்.

7. முடிந்ததும் ஒவ்வொரு சாவியாகப் போட்டு ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். அப்போது மற்றச் சாவிகள் தள்ளி இருக்கட்டும். ஒரே வளையத்தில் இரண்டு சிப் சாவி தொங்கினால் ஒன்றின் அலை மற்றதைக் குழப்பும்.

8. மெமரியில் உள்ள சாவிகளின் எண்ணிக்கையைத் திரையில் பார்த்துக் கொள்ளுங்கள். செக்யூரிட்டி பின் நம்பர் தெரிந்தால் எழுதி வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள், காருக்குள் வைக்காதீர்கள். பில் கட்டாயம் வாங்குங்கள்.

செய்யக் கூடாதவை

இம்மொபிலைஸரையே எடுத்துவிட்டால் சிப் செலவே இல்லை என்று சிலர் யோசனை சொல்வார்கள். காரின் கம்ப்யூட்டரில் அந்தப் பகுதியை வேலை செய்யாமல் ஆக்குவது ஒரு முறை. ஒரு சிப்பை ஸ்டியரிங் கவருக்குள், கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் நிரந்தரமாக ஒட்டிவிடுவது இன்னொரு முறை. இரண்டுமே மானிட்டரில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டி வைப்பது போலத்தான். அதன் பிறகு 150 ரூபாய்ச் சாவி இருந்தால் யாரும் காரை ஓட்டிச் செல்லலாம். அமெரிக்காவில் நடந்ததை மேலே பார்த்தோம்.

சாவியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். "இது மாதிரி சாவி இருக்கா?" என்று கேட்க வேண்டுமானால் பிளாஸ்டிக் தலையை மட்டும் படம் எடுங்கள். 2008ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் 195 அடி தூரத்திலிருந்து எடுத்த படத்தை வைத்தே ஒரு சாவியின் வெட்டுகளைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். கையில் உள்ள போனில் எடுத்த படம் அதைவிடத் தெளிவாக இருக்கும்.

சாவியின் கூடு உடைந்து வேறு கூடு மாற்றும்போது பழைய கூட்டைத் தூக்கி எறிவதற்கு முன் உள்ளே சிப் இருக்கிறதா என்று பாருங்கள். ரிமோட் போர்டு மட்டும் புதிய கூட்டுக்கு வந்து, சிப் பழைய கூட்டோடு குப்பைக்குப் போனால் கதவு திறக்கும், வண்டி ஓடாது.

எல்லாச் சாவியும் தொலைந்துவிட்டால்?

கடைக்காரர் காரிடத்துக்கு வர வேண்டும், அல்லது காரை வண்டியில் ஏற்றிக் கொண்டு போக வேண்டும். பூட்டிலிருந்தோ நம்பரிலிருந்தோ தகட்டைப் புதிதாக வெட்ட வேண்டும். பின் நம்பரைக் கம்பெனியிடமிருந்தோ காரின் மெமரியிலிருந்தோ எடுக்க வேண்டும். சில பழைய மாடல்களில் அதற்கும் வழியில்லாமல் கம்ப்யூட்டர் பெட்டியையே மாற்ற வேண்டியிருக்கும். 2,000 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை பல மடங்கு ஆகிவிடும். பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் ஸ்மார்ட் கீ என்றால் செலவு இன்னும் கூடும். ஸ்கூட்டர்களும் இந்தப் பக்கம் வந்துவிட்டன. ஹோண்டா 2023 ஜனவரியில் ஆக்டிவாவில் ஸ்மார்ட் கீ கொண்டு வந்தது. எனவே இது கார்க்காரர்களுக்கு மட்டுமான விஷயம் என்று ஒதுக்க வேண்டாம்.

சாவி தொலைந்தால் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வையுங்கள். கார் திருடு போய் இன்சூரன்ஸ் கேட்கும்போது கம்பெனிகள் பொதுவாக ஒரிஜினல் சாவிகள் அனைத்தையும் ஒப்படைக்கச் சொல்லும். ஒன்று குறைந்தால் ஏன் என்று கேள்வி வரும். அப்போது அந்த ரசீதும், டூப்ளிகேட் செய்த பில்லும் உதவும். இதே காரணத்தால், ஒரிஜினல் இரண்டு இருந்தால் ஒன்றைப் பீரோவில் வைத்துவிட்டு, தினசரி உபயோகத்துக்கு மற்றதையோ டூப்ளிகேட்டையோ வைத்துக் கொள்வது நல்லது. சாவி தொலைந்தால் செலவைத் தரும் கூடுதல் பாலிசியும் சில கம்பெனிகளில் உண்டு. பாலிசியைப் புதுப்பிக்கும்போது கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, இந்த வாரம் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதி வையுங்கள். உங்கள் காருக்கு ஓடக்கூடிய சாவி எத்தனை? அவை ஒவ்வொன்றும் இப்போது யாரிடம் இருக்கின்றன? காரின் மெமரியில் பதிவான எண்ணிக்கை அதோடு பொருந்துகிறதா? முதல் கேள்விக்குப் பதில் 'ஒன்று' என்றால், அந்த ஒன்று கையில் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள்.